கம்பளத்தைப் புரட்டு, கல்லைத் தொடு!

வீட்டு அலங்காரம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், பேராக் மாநிலமே பேனாவைத் தூக்கிவிட்டது. கடிதங்களில் பாதி கம்பளம், பாதி கல். நடுவில் கணவர்மார் மீது சில புகார்கள். புகார்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

வரிசை வீட்டு இல்லத்தரசி, ஈப்போ

கேள்வி: பழங்காலத்துக் கைநெசவுக் கம்பளம் ஒன்றை ஹாலில் விரிக்க ஆசை. எங்கள் வீடோ தாமானில் ஒற்றை மாடி வரிசை வீடு. எடுபடுமா?

பதில்: தாராளமாக எடுபடும். கம்பளத்துக்கு மாளிகை தேவையில்லை, அளவுதான் முக்கியம். சோபாவின் முன்கால்கள் கம்பளத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும். அதைவிடச் சிறியதை ஹால் நடுவில் போட்டால் யாரோ காயப்போட்டு மறந்த துண்டு மாதிரி இருக்கும். வாங்குவதற்கு முன் பழைய நாளிதழ்களை அந்த அளவுக்குத் தரையில் ஒட்டி இரண்டு நாள் நடந்து பாருங்கள். இன்னொன்று: டைல் தரையில் கம்பளம் வழுக்கும். அடியில் ரப்பர் வலைவிரிப்பு கட்டாயம் வேண்டும். ஒரு காலத்தில் ரப்பரை உலகத்துக்கே ஏற்றுமதி செய்த மண்ணில் வழுக்கி விழுந்தால் அது மானப் பிரச்சினை.

ஏமாற விரும்பாதவர், கம்பார்

கேள்வி: கடைக்காரர் எதைத் தொட்டாலும் 'ஆன்டிக், ஆன்டிக்' என்கிறார். எத்தனை வயதானால் ஆன்டிக்?

பதில்: வியாபார வழக்கில் நூறு. அதற்குக் கீழே 'விண்டேஜ்' என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் கடைக்காரருக்கு நூறு ஆகவில்லை என்றால் அவரும் விண்டேஜ்தான். வயதைச் சோதிக்க, கம்பளத்தின் முடியை விரலால் பிளந்து வேர்வரை பாருங்கள். நுனி வெளுத்து, நடு மங்கி, வேர் அடர்ந்து நிறம் படிப்படியாக இறங்கினால் காலம் செய்த வேலை. மேலே வெளுப்பு, சட்டென்று ஒரு கோடு, கீழே பளிச்சென்ற நிறம் என்றால் ரசாயனம் செய்த வேலை. முதல் செயற்கைச் சாயமே 1856-ல்தான் லண்டனில் பெர்கின் என்ற இளைஞரின் கையில் பிறந்தது. ஆகவே 'முந்நூறு வருஷத்துப் பொருள்' என்று சொல்லி மின்னுகிற ஊதா நிறத்தைக் காட்டினால், தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

புதுமனைத் தம்பதி, மெங்லெம்பு

கேள்வி: கையால் நெய்ததா, இயந்திரத்தில் நெய்ததா, பசை போட்டு ஒட்டியதா? கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். மேலே பார்க்காதீர்கள், மேல்பக்கம் எல்லாமே அழகுதான். மூலையைப் பிடித்துப் புரட்டுங்கள்.

முடிச்சுக் கம்பளம் என்றால் முன்பக்கத்துப் பூ பின்பக்கத்திலும் அப்படியே தெரியும். ஒவ்வொரு முடிச்சும் சிறு புள்ளியாகப் பாவு நூலைக் கட்டிக்கொண்டு நிற்கும். புள்ளிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்காது. ஒரு வரிசை நெருக்கம், அடுத்தது கொஞ்சம் தளர்ச்சி. நெய்தவர் மனிதர் என்பதற்கு அதுதான் கையெழுத்து. பின்பக்கம் முழுக்க ஒரு கித்தான் துணி ஒட்டியிருந்தால், உள்ளே பசை இருக்கிறது. துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி, பசையால் நிறுத்திய சரக்கு அது. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில ஆண்டுகளில் பசை உதிர்ந்து தரையில் மாவு கொட்டும்.

அடுத்து, ஓரத்துக் குஞ்சம். கைநெசவில் பாவு நூலின் நுனிதான் குஞ்சமாகத் தொங்கும், கம்பளத்தின் உடம்பிலிருந்தே வரும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இயந்திரச் சரக்கு. பழைய கம்பளத்தில் குஞ்சம் தேய்ந்து புதிதாகத் தைத்திருப்பதும் உண்டு. ஆகவே குஞ்சத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், பின்பக்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள்.

விலை ஏன் அப்படி என்று கேட்பீர்கள். சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்பது நடுத்தரம்தான். ஆறடிக்கு நாலடிக் கம்பளத்தில் அதுவே 3,45,600 முடிச்சு ஆகிறது. ஒவ்வொன்றையும் ஒரு விரல் இழுத்திருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

மனசாட்சி உள்ளவர், தாப்பா

கேள்வி: கம்பளத்தில் முடிச்சுப் போட்ட விரல் குழந்தை விரலாக இருந்தால்?

பதில்: நல்ல கேள்வி. தெற்காசியக் கம்பளத் தறிகளில் குழந்தைகள் வேலை பார்த்தது உண்மை. அதை எதிர்த்து கைலாஷ் சத்தியார்த்தி 1994-ல் 'ரக்மார்க்' என்ற முத்திரையைக் கொண்டுவந்தார். இன்று அதன் பெயர் 'குட்வீவ்'. அவருக்கு 2014-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. புதிய கம்பளம் வாங்கினால் அந்த முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

பேரப்பிள்ளை, சுங்கை சிப்புட்

கேள்வி: பாட்டியின் டிரங்குப் பெட்டியில் சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்ட தடித்த ஜமுக்காளம் ஒன்று கிடக்கிறது. அம்மா அதைக் கார் துடைக்கக் கிழிக்கலாம் என்கிறார். கிழிக்கலாமா?

பதில்: கத்தரிக்கோலை ஒளித்து வையுங்கள், முடிந்தால் அம்மாவையும் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புங்கள். நீங்கள் விவரிக்கிற கோடு பவானி ஜமுக்காளத்தின் கோடு போலத்தான் இருக்கிறது. காவிரியும் பவானி ஆறும் கூடுகிற ஊர், ஈரோட்டுப் பக்கம். அங்கே குழித்தறியில் தடித்த பருத்தி நூலை ஊடையாக அடித்து நெய்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமையின் மில் துணி வந்து கைத்தறியின் கழுத்தை நெரித்தபோது, அந்த ஊர் நெசவாளர்கள் மில்லால் செய்ய முடியாத முரட்டு விரிப்பை நெய்து பிழைத்துக்கொண்டார்கள். 2005-ல் அதற்குப் புவிசார் குறியீடும் வந்தது.

ஜமுக்காளமும் கைநெசவுத் தரைவிரிப்புதான். துருக்கிக்காரர் இதே தட்டை நெசவைக் கிலிம் என்று பெயரிட்டுக் கண்ணாடி அலமாரியில் மாட்டுகிறார், நாம் கார் துடைக்கிறோம். அதைச் சோதிக்கவும் புரட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். ஓரத்தில் ஊடை நூல் அறுபடாமல் திரும்பி உள்ளே போகும். விசைத்தறியில் ஓட்டிவிட்டு 'பவானி' என்று விற்கிற போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. ஆனால் பாட்டியின் பெட்டிக்குள் அது நுழைந்திருக்க வாய்ப்பு குறைவு.

பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். 1926-ல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம்வரை நம்மவரை ஏற்றி இறக்கியது. மேல்தளப் பயணிக்குக் கட்டில் கிடையாது. கொண்டுவந்த விரிப்புதான் படுக்கை, பெட்டிதான் தலையணை. உங்கள் ஜமுக்காளம் எந்தக் கப்பலில் வந்தது என்று பாட்டியிடம் கேளுங்கள்.

பெட்டிக்குள் மடிப்பு விழுந்த இடத்தில் நூல் அறுந்திருக்கும். ஜமுக்காளத்தை நிழலில் ஒரு நாள் உலர்த்தி, ஓர் ஓரத்தை ஈரப் பருத்தித் துணியால் ஒற்றிச் சாயம் ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் தண்ணீர் காட்டாதீர்கள். இனிமேல் மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

கோபக்காரர், பத்து காஜா

கேள்வி: ரப்பர் பால் பிடிக்கும் மங்கையும் மரம் சீவும் உளியையும் ஹாலில் அடுக்கி 'அலங்காரம்' என்கிறார்கள் இளசுகள். எங்கள் அப்பா அம்மா பட்ட பாட்டைப் பொம்மையாக்குவது இல்லையா இது? வறுமையைப் போய்க் கொண்டாடலாமா?

பதில்: கோபம் நியாயம். விடிவதற்கு முன் பெரட்டுக்களத்தில் நின்று, அட்டைக்கடியும் கொசுக்கடியும் பட்டு, நெரை நெரையாக மரம் வெட்டி, மழை வந்தால் அன்றைய கூலியும் போய்விடுகிற வாழ்க்கை அது. அதை வெறும் அழகாக மட்டும் காட்டினால் பொய். அறுபதுகளில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையோடு லயத்து வீடும் போனது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டுக்காரரான துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியின் சேமிப்பிலேயே தோட்டம் வாங்கினார். பின்னர் பால்மரம் போய் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமானும் வந்தது. இடம் மாறிய ஒவ்வொரு முறையும் லோரியில் ஏறியது பெட்டி, விளக்கு, சாமி படம், அம்மிக்கல். மங்கு ஏறவில்லை. அது கம்பெனிப் பொருள்.

அதனால்தான் இன்று மங்குக்கு மதிப்பு. ஆனால் வறுமை மங்கில் இல்லை ஐயா, அன்று கொடுத்த கூலியில் இருந்தது. மங்கைப் பார்த்துப் பிள்ளை 'இது என்ன?' என்று கேட்டு, நீங்கள் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னால் அது பொம்மை ஆகாது. கேள்வி கேட்க ஆளில்லாமல் மினுமினுப்பு விளக்குக்குக் கீழே அது மட்டும் இருந்தால், உங்கள் கோபத்துக்கு என் ஓட்டும் உண்டு.

கலைக்கண் உள்ளவர், கோப்பெங்

கேள்வி: மங்குக்குள் என்ன வைக்கலாம்?

பதில்: மெழுகுவர்த்தி வேண்டாம், எல்லாரும் வைக்கிறார்கள். உள்ளே பளபளப்பு பூசிய மங்கில் ஒரு துண்டு ஊதா அமெதிஸ்ட் கல் வைத்துப் பாருங்கள். மங்கின் அடியில் காய்ந்த ஒட்டுப்பால் கறுப்பாக ஒட்டியிருந்தால் சுரண்டாதீர்கள். அந்தக் கறைதான் அது வேலை பார்த்த மங்கு என்பதற்குச் சான்று. கறையில்லாத மங்கை நேற்று வாங்கினேன் என்று பெருமைப்படாதீர்கள்.

பாய்ப் பிரியை, தெலுக் இந்தான்

கேள்வி: கம்பளி விரிப்பு இந்த ஊர் வெக்கைக்கு ஆகுமா? பாய் போதாதா?

பதில்: போதும் என்ன, பொருத்தமே அதுதான். இரண்டு பாய் சொல்கிறேன். ஒன்று பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரைக் கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, இழையிழையாகக் கீறி, பருத்திப் பாவில் நெய்வது. 1953-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் முடிசூட்டுக்குப் பரிசாகப் போனது. பட்டுத்துணி மாதிரி மடிகிற அளவுக்கு மெல்லியதும் உண்டு. இன்னொன்று நம் ஊர் மெங்குவாங் பாய். தாழை இனத்து ஓலையின் முள்ளை நீக்கி, வேகவைத்து, ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, சாயம் ஏற்றி, தறியே இல்லாமல் வெறும் விரலால் பின்னுவது. கம்பத்து அக்காமார் சந்தைக்குக் கொண்டுவந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

இரண்டுக்கும் எதிரி ஈரம். தரையைத் துடைத்த கையோடு பாயை விரித்தால் மறுவாரம் பூஞ்சை விருந்து வைக்கும்.

சுவர் காலியாக இருப்பவர், கோலகங்சார்

கேள்வி: பழைய விரிப்பு மிதிக்க மனசில்லை. சுவரில் மாட்டலாமா?

பதில்: உங்கள் ஊர்க்காரர் இதைக் கேட்கலாமா? பக்கத்திலேயே இஸ்தானா கெனாங்கான் இருக்கிறதே! 1926-ல் சுல்தானுக்காகக் கட்டிய மர அரண்மனை. ஆணியே அடிக்காமல் எழுப்பியது என்று சொல்வார்கள். அதன் சுவரே நெசவுதான்: மூங்கிலைக் கீறிப் பின்னி, மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று வைரக்கட்டம் போட்டிருக்கிறார்கள். பாயைச் சுவராக்கிய ஊரில் இருந்துகொண்டு கம்பளத்தை மாட்ட யோசிக்கிறீர்கள்!

மாட்டுங்கள், ஆனால் ஆணி அடிக்காதீர்கள். அடித்த இடத்தில் மொத்த எடையும் இழுத்து நூல் கிழியும். பின்பக்க மேல்ஓரம் முழுக்க ஒரு துணிக்குழாய் தைத்து, அதற்குள் கம்பு செருகித் தொங்கவிடுங்கள். வெயில் படாத சுவராகப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இறக்கிப் பின்பக்கம் தட்டுங்கள்.

திறந்த இல்ல உபசரிப்புக்காரர், புந்தோங்

கேள்வி: தீபாவளிக்கு வந்தவர்கள் விரிப்பின் மேல் கச்சாங் பூத்தேயும் கோழிக் குழம்பும் சிந்திவிட்டார்கள். என்ன செய்ய?

பதில்: புந்தோங்கில் கச்சாங் பூத்தே சிந்தாத விரிப்பு இருந்தால் அதுதான் சந்தேகத்துக்கு உரியது. கடலையைப் பொறுக்கிச் சாப்பிடுங்கள், குழம்பை உடனே கவனியுங்கள். தேய்க்கவே கூடாது. வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் துளி மென்சோப்பு கலந்து மறுபடி ஒற்றுங்கள். வெந்நீர் மஞ்சளையும் எண்ணெயையும் உள்ளே இறக்கிவிடும். குளோரின் வெளுப்பான் ஊற்றினால் கறையோடு கம்பளமும் போகும்.

அந்துப்பூச்சியால் அவதிப்படுபவர், தஞ்சோங் மாலிம்

கேள்வி: கம்பளியில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது. கற்பூரம் போட்டும் அடங்கவில்லை.

பதில்: பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை. அதன் புழுதான் கம்பளியில் இருக்கிற கெராட்டினைத் தின்கிறது. அதுவும் இருட்டில், யாரும் தொடாத இடத்தில், சோபாவுக்குக் கீழே. கற்பூர வாசனை அதை விரட்டலாம், கொல்லாது. கம்பளத்தைத் தூக்கி இரு பக்கமும் வாக்குவம் பிடித்து, வெயிலில் ஒரு மணி நேரம் காட்டி, தூரிகையால் தேயுங்கள். சின்ன விரிப்பானால் பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். புழு பிழைக்காது. மீன் வாடை ஏறாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. இடம் மாற்றி, புரட்டி, மிதித்துப் பழகுகிற கம்பளத்தில் அந்து குடியிருக்காது.

ஐயம் தீராதவர், சித்தியவான்

கேள்வி: இந்த ஸ்படிகம், கிரிஸ்டல் எல்லாம் சீனர் பழக்கம்தானே? நமக்கு எதற்கு?

பதில்: ஃபெங்சுயி சீனருடையது, கல் எல்லாருக்கும் பொது. ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஸ்படிகமும் அமெதிஸ்டும் பச்சைக்கல்லும் பட்டை தீட்டி மணியாக்கிய பட்டறைகள் இருந்ததை அகழாய்வு காட்டியது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுதான் என்பர். கீழடியில் 2023-ல் ஸ்படிகத்தாலான எடைக்கல் கிடைத்தது. தஞ்சைப் பக்கம் வல்லத்துக் கல்லைத் தீட்டி மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் நம் தாத்தாக்கள். ராமேசுவரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு வரிசை கட்டி நிற்பதும் நாம்தான். பழக்கம் நம்முடையதுதான், விற்பனை உத்திதான் புதுசு.

வியாபாரம் படுத்தவர், ஈப்போ

கேள்வி: மஞ்சள் சித்ரின் கல்லைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்தால் பணம் பெருகும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: கல்லால் பணம் பெருகியது உண்மை, நம் கிந்தா பள்ளத்தாக்கிலேயே. அந்தக் கல்லின் பெயர் காசிடரைட், அதாவது வெள்ளீயக்கல். அதையும் அலமாரியில் வைத்ததால் பணம் வரவில்லை. தோண்டி, அலசி, உருக்கி விற்றதால்தான் வந்தது. 1985-ல் உலக வெள்ளீயச் சந்தை கவிழ்ந்தபோது அந்தக் கல்லே ஈப்போவைக் கைவிட்டது. சந்தை விழுந்தால் கல் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உங்கள் சித்ரின் பற்றியும் ஒரு சேதி. கடையில் கிடைக்கும் மஞ்சள் சித்ரினில் பெரும்பகுதி, ஊதா அமெதிஸ்டைச் சூளையில் சில நூறு டிகிரி சூடேற்றி மஞ்சளாக்கியது. அடிப்பக்கம் சுண்ணாம்பு வெள்ளையும் நுனி எரிந்த ஆரஞ்சுமாக இருந்தால் சூளைச் சரக்கு. அழகாக இருந்தால் வையுங்கள். கணக்குப் புத்தகத்தையும் பக்கத்திலேயே வையுங்கள்.

கைவைத்துப் பார்ப்பவர், சிம்மோர்

கேள்வி: ஸ்படிகமா, கண்ணாடியா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் தொடுங்கள். ஸ்படிகம் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், சூடேற நேரமாகும். கண்ணாடி சீக்கிரம் கைச்சூட்டுக்கு வந்துவிடும். அடுத்து லென்ஸ் வைத்து உள்ளே பாருங்கள். உருண்டையாகக் காற்றுக்குமிழி தெரிந்தால் கண்ணாடி. மெல்லிய திரையும் நூல்விரிசலும் தெரிந்தால் இயற்கைக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது, ஸ்படிகத்தின் கடினம் 7, சாதாரணக் கண்ணாடியுடையது ஐந்தரை. கல்லின் முனை பழைய போத்தலில் கீறு போடும். கடைக்காரரின் ஷோகேஸ் கண்ணாடியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

'கிரிஸ்டல்' என்று விற்கிற கிண்ணமும் அன்னப்பறவையும் வேறு சாதி. அவற்றில் பல, கண்ணாடியில் காரீய ஆக்சைடு கலந்தவை. ஸ்வரோவ்ஸ்கியும் 1895-லிருந்து ஆஸ்திரியாவில் செய்கிற கண்ணாடிதான். அதில் மோசடி ஒன்றும் இல்லை, அதன் பட்டை தீட்டலுக்குத்தான் காசு. கண்ணாடியைக் கல் என்று சொல்லி விற்றால்தான் மோசடி.

ஈரம் தாங்காதவர், தைப்பிங்

கேள்வி: 'இமயமலை உப்பு விளக்கு' வாங்கினேன். தினமும் அழுகிறது. கெட்ட சக்தியை உறிஞ்சுவதால்தான் என்று கடையில் சொல்கிறார்கள்.

பதில்: அது உறிஞ்சுவது தைப்பிங்கை. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகக் கரையத் தொடங்கும். மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன ஊரில் அந்த விளக்கு எப்போது சிரிக்கும்? இமயமலையும் அல்ல, பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்து உப்பு. ஒழுகுகிற உப்புநீர் மின்கம்பிக்கு ஆபத்து. அணைத்தவுடன் துடைத்து டப்பாவில் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. செலனைட் என்று விற்கும் வெள்ளைக்கல் ஜிப்சம்தான். நகத்தால் கீறலாம், தண்ணீரில் கழுவினால் தேயும். பைரைட் என்ற 'முட்டாள் தங்கம்' நம் ஈரத்தில் துருப்பிடிக்கும். நம் ஊருக்கு ஸ்படிகக் குடும்பம்தான் தோது.

ஜன்னலோரக்காரி, தஞ்சோங் ரம்புத்தான்

கேள்வி: ஸ்படிக உருண்டையை ஜன்னலில் வைத்தால் அழகாக இருக்குமே?

பதில்: இருக்கும், தீயணைப்பு வண்டி வரும்வரை. உருண்டை பூதக்கண்ணாடி வேலை செய்யும். மேற்கு வெயில் அதன் வழியே திரைச்சீலையில் குவிந்தால் புகை கிளம்பும். அமெதிஸ்டும் வெயிலில் ஊதா போய் வெளிறும். கல்லுக்கு வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும், சூரியன் நேரே விழ வேண்டாம்.

துணிச்சல்காரர், ஈப்போ

கேள்வி: குகையில் சுண்ணாம்புக் கூம்பு ஒன்று உடைந்து கிடந்தது. பக்கத்தில் இன்னொன்றும் ஆட்டினால் வந்துவிடும் போலிருக்கிறது. ஹாலுக்கு எடுத்து வரலாமா?

பதில்: கையைக் கட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். சொட்டுச் சொட்டாக நீர் வடிந்து, அது ஒரு சென்டிமீட்டர் நீள நூறு ஆண்டு அளவில் ஆகலாம். உங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலேறிய நாளிலிருந்து இன்றுவரை அது வளர்ந்தது உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு. 2018-ல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்கா ஆனது அங்கே இருப்பதைப் பார்க்கத்தான், பெயர்க்க அல்ல. சுண்ணாம்புக் கல் வேண்டுமென்றால் சிம்பாங் பூலாய்ப் பக்கம் கற்சுரங்கத்து மார்பிள் துண்டு முறையாக விலைக்குக் கிடைக்கும். அதை எலுமிச்சம்பழம் போட்டுத் துலக்காதீர்கள். புளிப்பு மார்பிளை அரிக்கும்.

கனவுக்காரர், பீடோர்

கேள்வி: பெரிய கண்ணாடிச் சரவிளக்கு, பளிங்குத் தரை, பாரசீகக் கம்பளம். இப்படி ஒரு மாளிகை கட்டினால் எப்படி?

பதில்: பத்து காஜாவுக்கு ஒரு நடை போய் கெல்லீஸ் காசலைப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், ரப்பர் தோட்ட முதலாளி. நம்மவர் உழைப்பில் எழுப்பினார். லிப்டுக்குக்கூட இடம் விட்டார். ஸ்பானிஷ் காய்ச்சல் தொழிலாளரை வாரியபோது அவர்கள் கேட்டு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார். கோயில் கூரையில் அவருக்கும் ஓர் உருவம் வைத்திருக்கிறார்கள். 1926-ல் ஐரோப்பா போனவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகையில் கம்பளம் விரிக்கவே இல்லை. கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது. சரவிளக்கு மேல் ஆசை தீராவிட்டால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடலாம். அதற்கு முன், தொழில்காரரைக் கூப்பிட்டு உங்கள் வீட்டுச் சீலிங் எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள்.

சிக்கனக்காரர், பாகான் செராய்

கேள்வி: உலகிலேயே அதிக விலைக்குப் போன கம்பளம் எது? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பதில்: 2013 ஜூனில் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் 17-ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கம்பளம் ஒன்று 33.7 மில்லியன் டாலருக்கு மேல் போனது. அதன் மேல் யாரும் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட மாட்டார்கள். உங்கள் வீட்டு விரிப்பில் சாப்பிடலாம். லாபம் யாருக்கு?

அவசரக்காரி, ஈப்போ

கேள்வி: இவ்வளவும் படிக்க நேரமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யட்டும், அதை மட்டும் சொல்லுங்கள்.

பதில்: காலையில் மெமரி லேன் சந்தைக்குப் போங்கள். விற்பவர் சொல்கிற கதைக்குத் தலையாட்டுங்கள், காசு மட்டும் கொடுக்காதீர்கள். கம்பளத்தைப் புரட்டுங்கள், கல்லைத் தொடுங்கள், பிடித்தால் வாங்குங்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து பாட்டியின் பெட்டியைத் திறந்து, ஜமுக்காளமோ பாயோ எதுவானாலும், யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பல், எந்தத் தோட்டம் என்று கேட்டு, ஒரு வெள்ளைத் துணித்துண்டில் எழுதி அதன் பின்பக்கத்தில் நாலு தையல் போட்டு வையுங்கள். நாளைக்கு உங்கள் பேத்தி அதைப் புரட்டிப் பார்ப்பாள். பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.